தோட்டாவுக்கு வைத்த பொட்டு

எனக்குப் பொறாமைக் குணம் உண்டு. இதை வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. சர்க்கரை வியாதிக்காரர் காப்பி வருவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவதைப் போல முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். பின்னால் வருகிற சங்கதிகளைப் படித்துவிட்டு, இவரா இப்படிச் செய்தார் என்று யாரும் ஆச்சரியப்பட வேண்டாம். நான்தான் செய்தேன்.

அறுபதுகளின் நடுவில் காஞ்சிபுரத்தில் ஒரு துப்பாக்கிக் கடையில் ரிப்பேர் வேலை பார்த்தேன். பட்டுக்கும் கோயிலுக்கும் பேர்போன ஊரில் துப்பாக்கிக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. ஊரைச் சுற்றி வயல் இருந்தது, வயலைத் தேடிக் காட்டுப்பன்றி வந்தது. லைசென்ஸ் வாங்கிய விவசாயிகள் நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தார்கள். வங்கிக் காவலாளியிடம் இரட்டைக் குழல் இருந்தது. ஜரிகைப் பெட்டியோடு ஊர் ஊராகப் போய்வருகிற பட்டு வியாபாரிகள் சிலர் இடுப்பில் கைத்துப்பாக்கி செருகியிருந்தார்கள். எல்லாம் பழுதாகும். பழுதானால் எங்கள் கடைக்கு வரும்.

நான் நீளத் துப்பாக்கி ஆள். குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணால் பார்த்தால், உள்ளே எங்கே துரு, எங்கே நெளிவு என்று சொல்லிவிடுவேன். எட்டு வருஷம் அந்தக் கடையில் எனக்கு இணை கிடையாது. வடக்குப் பக்க ஜன்னலோரம் ஒரு மேசை, அதற்கொரு இழுப்பறை, இழுப்பறைக்கு ஒரு சாவி. அந்தச் சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டு தெருவில் நடக்கும்போது எனக்கு ஒரு மிதப்பு உண்டு.

அப்போதுதான் பட்டாளத்தான் வந்து சேர்ந்தான்.

ராணுவத்தில் ஆயுதம் பழுது பார்க்கிற பிரிவில் இருந்தவன். சீனச் சண்டை முடிந்து ஒன்றிரண்டு வருஷத்தில் வெளியே வந்துவிட்டான். அரக்கோணம் பக்கத்து ஊர், கிறிஸ்தவக் குடும்பம். அப்பா ஊரான் வயலில் கூலி வேலை பார்த்தவராம். என்னைவிட இரண்டு வயது பெரியவன். தகரப் பெட்டி ஒன்று, காக்கித் துணியில் சுருட்டிய சாமான்கள், இவ்வளவுதான் அவன் கொண்டு வந்தது. கடை முதலாளி அவனைப் பத்து நிமிஷம் பேசவிட்டுப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து, கைத்துப்பாக்கியில் எல்லாம் பொடிப் பொடிச் சாமான், வெளிச்சம் வேண்டுமாம், அந்த ஜன்னல் மேசையை அவனுக்கு விட்டுக்கொடு என்றார். சாவியை அவிழ்த்துக் கொடுத்தேன். முடிச்சு இறுகிப் போயிருந்ததால் அவிழ்க்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அதுவரை அவன் கையை நீட்டாமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த மரியாதையும் எனக்குப் பிடிக்கவில்லை.

அதன் பிறகு கைத்துப்பாக்கி எது வந்தாலும் அவனிடம் போயிற்று. அவன் மேசை எனக்கு இரண்டு கை தூரத்தில்தான் இருந்தது. பார்க்காத மாதிரி எல்லாவற்றையும் பார்த்தேன். முதலில் வெள்ளைத் துணி விரிப்பான். மேகசின் என்கிற தோட்டாப் பெட்டியைக் கழற்றி வைப்பான். குழலுக்குள் தோட்டா இருக்கிறதா என்று பார்ப்பான். பிறகு இன்னொரு தடவை பார்ப்பான். மேலே முன்னும் பின்னும் ஓடுகிற ஸ்லைடைக் கழற்றி, ஸ்பிரிங்கை எடுத்து, கழற்றிய வரிசையிலேயே இடமிருந்து வலமாக வைப்பான். மண்ணெண்ணெய், பல் விளக்கும் பிரஷ், பழைய பருத்தித் துணி. எண்ணெயைத் தீக்குச்சி முனையால் தொட்டு வைப்பான். நானோ துப்பாக்கி என்றால் தையல் மெஷின் எண்ணெயைத் தாராளமாக விட்டு வளர்ந்தவன். எண்ணெய் விடக்கூட மனசு வராத கஞ்சன் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அவன் கையில் இருந்து போன துப்பாக்கி திரும்பி வந்ததில்லை. தேர்தலுக்காக ஊரார் எல்லாரும் ஆயுதங்களைக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டி வந்தபோது, எங்கள் கடையில் வைத்துவிட்டுப் போன கைத்துப்பாக்கிகளை யாரும் கேட்காமலேயே ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்தான். தேர்தல் முடிந்து வாங்க வந்தவர்கள் அவனுக்குப் பழம் வாங்கி வந்தார்கள். நான் எடுத்துக் கொடுத்த இரட்டைக் குழல்களுக்கு ஒரு வாழைப்பழம் இல்லை.

எல்லாவற்றையும்விட எனக்கு எரிச்சல் தந்தது அவன் சுட்டுப் பார்க்கிற விதம். கடைக்குப் பின்னால் மணல் குழி ஒன்று உண்டு. நான் ரிப்பேர் செய்த துப்பாக்கியை ஒரு தடவை சுட்டுப் பார்த்துக் கொடுத்துவிடுவேன். அவன் மேகசின் நிறையத் தோட்டா போட்டு ஏழும் தீரும்வரை சுடுவான். லைசென்ஸில் வருஷத்துக்கு இத்தனை தோட்டா என்று அளவு உண்டு. ஆகவே சொந்தக்காரர்கள் முனகுவார்கள். ஒருநாள் முதலாளியே கேட்டுவிட்டார். அவன் நிதானமாகச் சொன்னான்:

"மொத தோட்டாவ நம்ம கை போடுது. ரெண்டாவதத்தான் துப்பாக்கியே போட்டுக்குது. அத்தப் பாக்காம எப்பிடிங்க குடுக்கறது?"

விஷயம் அவ்வளவுதான். நீளத் துப்பாக்கியில் நாம்தான் தோட்டாவைப் போடுகிறோம், நாம்தான் எடுக்கிறோம். இந்தக் கைத்துப்பாக்கியில் வெடித்த வேகமே ஸ்லைடைப் பின்னால் தள்ளும். ஒரு சின்னக் கொக்கி வெற்றுக் கூட்டை இழுத்து எறியும். கீழிருந்து அடுத்த தோட்டா மேலேறும். ஸ்லைடு திரும்பி வரும்போது அதைக் குழலுக்குள் தள்ளி மூடும். கண்மூடித் திறப்பதற்குள் இத்தனையும் நடக்க வேண்டும். நடுவில் மயிரிழை தடங்கினாலும் எல்லாம் நின்றுவிடும். இதை அவன் வாடிக்கைக்காரர்களுக்குச் சொன்னபோது காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன், அரத்தை மட்டும் சும்மா தேய்த்துக்கொண்டு. என்னிடம் அவன் ஒன்றும் ஒளிக்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். கேட்க மாட்டேன் என்று எனக்குள் ஒரு வீம்பு.

என் வீட்டிலும் நிம்மதி இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவன், என் மனைவி திட்டிக்கொண்டிருந்த பம்ப் ஸ்டவ்வை வாங்கிக் கால் மணி நேரத்தில் சரி செய்துவிட்டான். நான் நாளைக்கு நாளைக்கு என்று இரண்டு மாதம் தள்ளிப் போட்டிருந்த ஸ்டவ். அதற்குப் பிறகு அது எரியும்போதெல்லாம் அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஸ்டவ் நீல நிறத்தில் எரிந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

இப்போது பட்டுக்காரர் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். பெரிய வியாபாரி, பல ஊர்களில் அவருக்குத் தறிகள். அவருடைய கைத்துப்பாக்கி, முப்பத்திரண்டு போர் என்கிற குழல் அளவு, எங்கள் கடைக்கு வருஷா வருஷம் வரும். எங்கள் ஊரில் ஆயுத பூஜை அன்று தறி, தறியில் ஓடுகிற நாடா, தராசு, கத்தரிக்கோல் என்று கைபடுகிற எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்போம். பட்டுக்காரர் மனைவி கைத்துப்பாக்கிக்கும் வைப்பார். மேலே வைத்தால் போதாது. மேகசினிலிருந்து தோட்டாக்களை வெளியே எடுக்கச் சொல்லி, வாழை இலையில் படுக்க வைத்து, ஏழுக்கும் கெட்டிச் சந்தனம் அப்பி நடுவில் குங்குமப் பொட்டு வைப்பார். பூஜை விளக்கின் நல்லெண்ணெயைத் தொட்டுத் துப்பாக்கிக்கும் தடவுவார். புருஷன் உயிருக்காக அந்த அம்மாள் செய்கிற பூஜை அது. பட்டுக்காரர் அப்படியே தோட்டாக்களைத் திரும்ப அடுக்கி, ஒரு வாரம் கழித்து எங்களிடம் கொண்டு வருவார்.

ஒரு வருஷம் கோயிலுக்குப் போகிற வழியில் அந்த அம்மாளும் கூட வந்திருந்தார். பட்டாளத்தான் தோட்டாக்களை ஒவ்வொன்றாக வெளியே தள்ளி, மண்ணெண்ணெய்த் துணியால் ஏழு பொட்டையும் அவர் கண் முன்னாலேயே துடைத்துப் போட்டான். அந்த அம்மாளுக்கு முகம் வெளுத்துவிட்டது. பொட்டை அழிப்பது என்றால் நம் வீடுகளில் என்ன அர்த்தம் என்று சொல்லத் தேவையில்லை. பிற்பாடு முதலாளி வீட்டில் சொல்லி அழுதிருக்கிறார். அவருக்கு நம்ம வழக்கம் எப்படித் தெரியும், அவங்க வேற சாமி கும்பிடறவங்க, என்று பேச்சு கடைவரை வந்தது.

சாமிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று எனக்குத் தெரியும். தோட்டாவில் யாராவது சிலுவை வரைந்து கொடுத்திருந்தால் அதையும் துடைத்திருப்பான். அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாய்க்குள் சிரித்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம் ஆயுத பூஜை முடிந்த வாரம், தங்கை குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று பட்டாளத்தான் மூன்று நாள் ஊருக்குப் போயிருந்தான். அந்தச் சமயம் பார்த்துக் குதிரை வண்டி வந்து நின்றது. பட்டுக்காரரும் மனைவியும் இறங்கினார்கள். முதலாளி வேறு வழியில்லாமல் என்னைக் கூப்பிட்டார். எனக்குக் கை பரபரத்தது. ஜன்னல் மேசையில் உட்கார்ந்து வெள்ளைத் துணியை விரித்தேன்.

பட்டுக்காரர் வியாழக்கிழமை தென்னேரிக்குப் போகிறாராம். தறிகளுக்கு ஜரிகை கொடுத்துவிட்டு, தீபாவளிக்கு நெய்த சேலைகளை வாங்கி வர வேண்டும். தென்னேரி ஏரிக்கரையில் அந்த மாதம் இரண்டு வண்டிகளை மறித்துச் சாமானைப் பறித்திருந்தார்கள். அதனால் துப்பாக்கி சரியாக இருக்க வேண்டும் என்றார். அந்த அம்மாள் தயங்கித் தயங்கி என் பக்கம் வந்தார்.

"ஏம்பா, பொட்ட மட்டும் தொடச்சிடாதப்பா. போன வருஷம் பட்டதே போதும்."

"நான் தொடுவனாம்மா? எனக்குத் தெரியாதா?" என்றேன்.

அந்த முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே. பட்டாளத்தானுக்குக் கிடைக்காத ஒன்று எனக்குக் கிடைத்துவிட்டது. மேகசினை அப்படியே ஓரமாக வைத்தேன். உள்ளே பொட்டுகள் குளுகுளு என்று இருக்க வேண்டுமே என்று அதற்கும் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டேன். துப்பாக்கியின் மேல்பாகத்தைத் துடைத்துப் பளபளப்பாக்கினேன். துவாரம் தெரிந்த இடத்தில் எல்லாம் எண்ணெய் விட்டேன். அவருடைய தோட்டாவைத் தொடாமல் கடைத் தோட்டா ஒன்றை நேரே குழலில் வைத்து மணல் குழியில் சுட்டேன். நன்றாகவே வெடித்தது. அந்த அம்மாள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவ்வளவுதானா, அவர் ஏழு சுடுவாரே என்று பட்டுக்காரர் கேட்டார். ஒன்று வெடித்தால் ஏழும் வெடிக்கும், வீணாகத் தோட்டாவை ஏன் அழிக்க வேண்டும் என்றேன். முதலாளிகூட தலையாட்டினார்.

வியாழக்கிழமை காலை பட்டாளத்தான் வந்தான். வந்ததும் ரிப்பேர் நோட்டைப் பார்த்தான். என் மேசைக்கு வந்தான்.

"பட்டுக்காரர்து நீயா பாத்தே?"

"ஆமா."

"தோட்டாவ தொடச்சியா?"

"அந்தம்மா வேணான்னாங்க."

"எத்தினி சுட்டே?"

"ஒண்ணு."

அவன் திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். எட்டு வருஷத்துப் பாட்டையும் பாடியிருப்பேன். அவனோ நேரே பட்டுக்காரர் கடைக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தான். காலை பஸ்ஸில் புறப்பட்டுவிட்டாராம். வாலாஜாபாத்தில் சொந்தக்காரர் அரிசி மில்லில் சாப்பிட்டுவிட்டு, மூன்று மணிக்கு மேல் மாட்டு வண்டியில் தென்னேரி போவாராம். முதலாளியிடம் வயிற்று வலி என்று அரை நாள் லீவு சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தான். முதலாளியிடம் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

நானும் சைக்கிளை எடுத்தேன். குற்ற உணர்ச்சி என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மை அதுவல்ல. ஒரு மனிதரின் உயிரைக் காப்பாற்றுகிற பெருமையும் அவன் ஒருவனுக்கே போய்விடுமோ என்று கடையில் உட்கார முடியவில்லை.

பத்து மைல். எதிர்க்காற்று, நடுநடுவே தூறல். அவன் சீட்டிலிருந்து எழாமல் ஒரே சீராக மிதித்துக்கொண்டு போனான். நான் எழுந்து எழுந்து மிதித்தும் அவன் முதுகைத்தான் பார்க்க முடிந்தது. வழியெல்லாம் சாமியை வேண்டிக்கொண்டேன். துப்பாக்கி பழுதில்லாமல் இருக்க வேண்டும், ஏழும் வெடிக்க வேண்டும், அவன் முகத்தில் அசடு வழிய வேண்டும் என்று வேண்டினேன். பாதி வழியில்தான் பட்டுக்காரருக்கு மூன்று குழந்தைகள் என்பது ஞாபகம் வந்தது. என் வேண்டுதலில் அவர்கள் இல்லை. ஞாபகம் வந்த பிறகு சேர்த்துக்கொண்டேன்.

மில்லில் பட்டுக்காரர் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் திடுக்கிட்டார். பட்டாளத்தான் மூச்சு வாங்கியபடி, துப்பாக்கியில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது, கொடுத்தால் பின்பக்கம் போய் முடித்துத் தருகிறேன் என்றான். அன்றைக்கே இவர் சுட்டுக் காட்டினாரே என்று என்னைக் காட்டினார் பட்டுக்காரர்.

"அது நான் பண்ண வேண்டிய வேலைங்க. சொல்லி வெச்சுட்டுப் போயிருக்கணும், மறந்துட்டேன். தப்பு என்னுதுதான்."

நான் பக்கத்தில் நின்றேன். வாயில் கொழுக்கட்டை.

மில்லுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கும் மேலே உமிக் குவியல். மில் ஓடுகிற இரைச்சலில் வெடிச் சத்தம் யாருக்கும் பெரிதாகக் கேட்காது. ஆள் யாரும் இல்லை என்று சுற்றி வந்து பார்த்துவிட்டு, துப்பாக்கியை என் கையில் கொடுத்தான். நீயே சுடு என்றான். உமியைப் பார்த்துச் சுட்டேன். வெடித்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த ஒரு வினாடி எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுபடி விசையை இழுத்தேன். ஒன்றும் இல்லை. விசை செத்துக் கிடந்தது.

ஸ்லைடு பாதியில் நின்றிருந்தது. இரண்டாவது தோட்டா மூக்கை மேலே தூக்கிக்கொண்டு குழலுக்குள் போகவும் முடியாமல் கீழே இறங்கவும் முடியாமல் கவ்விக் கிடந்தது. அதன் வயிற்றில் சந்தனமும் குங்குமமும் என் தையல் மெஷின் எண்ணெயில் ஊறிக் களியாகியிருந்தன. பட்டாளத்தான் துப்பாக்கியை மெதுவாக வாங்கினான். மேகசினைக் கழற்ற இழுத்தான், அதுகூடச் சுலபமாக வரவில்லை. உள்ளே இருந்த ஐந்தும் பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தன. தட்டினாலும் மேலேறவில்லை. ஏரிக்கரையில் இது நடந்திருந்தால் என்று இருவரும் பேசவில்லை.

எஞ்சின் அறையில் மண்ணெண்ணெய் வாங்கி வந்தான். தோளில் கிடந்த துண்டைக் கிழித்து ஸ்லைடின் உட்புறத்தையும் அந்தச் சின்னக் கொக்கியையும் துடைத்தான். மேகசினுக்குள் துணியைக் குச்சியில் சுற்றிவிட்டுத் திருகினான். ஐந்து தோட்டாக்களையும் நான் துடைத்தேன். பொட்டுகள் துணியோடு வந்துவிட்டன. கவ்விக் கிடந்தது நசுங்கியிருந்தது, உதவாது. ஐந்தைப் போட்டு இரண்டைச் சுட்டான். இரண்டு கூடும் பளிச்சென்று எகிறி உமியில் விழுந்தன. அதற்கு மேல் சுட்டுப் பார்க்கத் தோட்டா இல்லை. மூன்றுதான் மிச்சம்.

அதற்குப் பிறகு அவன் செய்ததைத்தான் என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை. எஞ்சின் அறையில் ஒரு பிள்ளையார் படம் மாட்டியிருந்தது. அதன் கீழே இருந்த கிண்ணத்தில் ஒரு சிட்டிகை குங்குமம் எடுத்து வந்தான். துப்பாக்கியின் மரக் கைப்பிடியில், வெளிப்பக்கம், ஒரு பொட்டு வைத்தான்.

"இங்க வெச்சா ஒண்ணும் சிக்காது. அந்தம்மா மனசும் நோவாது. போன வருஷமே எனக்குத் தோணியிருக்கணும்."

பிறந்ததிலிருந்து பொட்டு வைத்துக்கொண்டிருப்பவன் நான். எனக்குத் தோன்றவில்லை.

பட்டுக்காரர் துப்பாக்கியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். மில் ஆட்கள் முன்னிலையில் அவனை ஒரு பிடி பிடித்தார். பட்டாளத்தில் கற்றவன் என்று பேர், ஊர் தாண்டி வந்த பிறகா சுட்டுப் பார்ப்பது, பாதித் தோட்டாவைத் தீர்த்துவிட்டாயே என்றார். அவன் தலை குனிந்து கேட்டுக்கொண்டான். பிறகு என் பக்கம் திரும்பி, நீயாவது மழையில் கூட வந்தாயே அப்பா என்றார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

திரும்பும் வழியில் ஒரு டீக்கடையில் நின்றோம். ஏன் உன் தப்பு என்று சொன்னாய் என்று கேட்டேன். கேட்ட தோரணையில் கோபம் இருந்தது. அவன் டீயை ஆற்றிக்கொண்டே, "உன் பேரச் சொன்னா, அந்தம்மா சொல்லித்தான் தொடைக்கலன்னு நீ சொல்லணும். அப்பால வீட்ல அவங்களத்தான் திட்டுவாரு" என்றான். டீக்கு அவனே கொடுத்தான்.

மறுநாள் செய்தி வந்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் பட்டுக்காரர் சேலை மூட்டைகளோடு திரும்பி வந்துகொண்டிருந்தாராம். தென்னேரி ஏரிக்கரையில் மூன்று பேர் பனங்கட்டையைக் குறுக்கே போட்டுக்கொண்டு நின்றார்களாம். அவர் துப்பாக்கியை எடுத்து ஏரித் தண்ணீரைப் பார்த்து ஒன்று சுட்டிருக்கிறார். அவர்கள் அசையவில்லை. தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னாலிருந்தே பிள்ளைகள் வெடி வெடித்துக்கொண்டிருந்தார்கள் அல்லவா, பட்டாசைக் காட்டிப் பயமுறுத்துகிறார் என்று சிரித்திருக்கிறார்கள். ஒருவன் மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தும்விட்டான். அவர் இரண்டாவது தடவை சுட்டார். கயிற்றைப் பிடித்தவன் காதோரம் போயிற்றாம். மூன்று பேரும் கரையிலிருந்து சறுக்கிக்கொண்டு ஓடினார்கள்.

முதல் தோட்டா எப்படியும் வெடித்திருக்கும். அவர் உயிரோடு வீடு வந்தது இரண்டாவதால்.

அன்று மாலையே அந்த அம்மாள் கடைக்கு வந்தார். வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம், அகலக் கரை போட்ட பட்டு வேட்டி ஒன்று, எல்லாம் தட்டில் வைத்து என் முன்னால் நீட்டினார். பொட்டோடு போன துப்பாக்கி பொட்டோடு வீடு வந்தது, அந்தப் பொட்டுதான் காப்பாற்றியது, நீதான்பா அதை அழிக்காமல் விட்டாய் என்றார். கைப்பிடியில் இருந்த பொட்டு பூஜையன்று தானே வைத்தது என்று நினைத்திருக்கிறார். பட்டாளத்தான் இரண்டு கை தூரத்தில் உட்கார்ந்து ஸ்பிரிங் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தான். இப்போது சொல்லிவிடுவான், இப்போது சொல்லிவிடுவான் என்று என் முதுகெல்லாம் வேர்த்தது. அவன் சொல்லவில்லை. நான் தட்டை வாங்கிக்கொண்டேன்.

பட்டுக்காரர் முதலாளியிடம் பேசிவிட்டார். இனிமேல் தன் துப்பாக்கியை நான்தான் பார்க்க வேண்டும் என்று. அவரைப் பார்த்து மற்ற வியாபாரிகளும் கேட்டார்கள். அடுத்த மாதம் ஜன்னல் மேசையும் சாவியும் என்னிடம் திரும்பி வந்தன. அவன் நாட்டுத் துப்பாக்கி மேசைக்கு மாறினான். நான் ஆசைப்பட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. வேலைதான் தெரியவில்லை. கைத்துப்பாக்கியைக் கழற்றிவிட்டு மாட்டத் தெரியாமல் விழிப்பேன். அவனைக் கேட்க வாய் வராது. அப்படியே துணியில் பரப்பி வைத்துவிட்டு டீ குடிக்கப் போவேன். திரும்பி வந்தால் எந்தச் சாமான் எதற்குப் பிறகு என்ற வரிசையில் அடுக்கியிருக்கும். அவன் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பான். இதற்குள் விவசாயிகளும் பட்டாளத்தார் இருக்கிறாரா என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள். நாட்டுத் துப்பாக்கியில்கூட அவன்தான்.

அந்த வேட்டியை நான் கட்டவே இல்லை. ஏன் கட்டவில்லை என்று மனைவி கேட்டுக்கொண்டே இருந்தாள். கல்யாணம் காட்சிக்கு ஆகும் என்று பெட்டியில் போட்டு வைத்தேன்.

மறு வருஷம் ஆயுத பூஜை கழிந்ததும் குதிரை வண்டி வந்தது. பட்டுக்காரர் முதலாளியோடு உள்ளே பேசிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் நேரே என் மேசைக்கு வந்தார். ஏழு தோட்டாவிலும் சந்தனம், குங்குமம். போன வருஷம் மாதிரியே பார்த்துக் கொடுத்துவிடு அப்பா என்றார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. நல்லவனாகிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். ஒரு வருஷமாக அவன் சொல்லாமலே இருந்தான். அந்த மௌனத்தில் அவனே ஜெயித்துக்கொண்டிருந்தான். அதை உடைத்தால்தான் எனக்கு மூச்சு வரும் என்று இருந்தது. பட்டுக்காரர் காதில் விழாமல் தாழ்ந்த குரலில், ஆனால் அடுத்த மேசைக்குக் கேட்கிற மாதிரி, எல்லாவற்றையும் சொன்னேன். நான் பொட்டைத் துடைக்காமல் விட்டது, ஒரு தடவை மட்டும் சுட்டுக் காட்டியது, மில்லுக்குப் பின்னால் இரண்டாவது தோட்டா சிக்கிக்கொண்டது, பொட்டை எல்லாம் நாங்கள் துடைத்துப் போட்டது, கைப்பிடியில் இருந்த பொட்டு அவன் பிள்ளையாரிடம் எடுத்து வைத்தது. ஏரிக்கரையில் அவர் சுட்ட இரண்டாவது தோட்டா என்னுடையது அல்ல, இவனுடையது என்றேன்.

அந்த அம்மாள் முழுவதையும் கேட்டார். அவனைத் திரும்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"அவரு பண்ண தப்புன்னு அவரே மில்லுல ஒத்துக்கினாராமே, எங்க வூட்டுக்காரர் சொன்னாரு. அத்த நீ உன் தலைல போட்டுக்கினு, அவருக்கு நல்ல பேர் வாங்கிக் குடுக்கப் பாக்கறே. உன்னாட்டம் மனசு யாருக்குப்பா வரும்?"

இல்லை அம்மா என்றேன். சத்தியமாகச் சொல்கிறேன் என்றேன். அவர் கையமர்த்திவிட்டார். தோட்டாக்கள் இருந்த மேகசினை என் பக்கம் நகர்த்தினார்.

"நீ தொடைக்கணும்னா தொடச்சுக்கோ. நீ தொடச்சா ஒண்ணும் ஆவாது."

மண்ணெண்ணெய்த் துணியை எடுத்து முதல் தோட்டாவைத் துடைத்தேன். அந்த அம்மாள் சிரித்த முகத்தோடு பார்த்துக்கொண்டு நின்றார். பட்டாளத்தான் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவனுடைய அரம் நாட்டுத் துப்பாக்கியின் குழல் மேல் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. அன்றோடு அவன்மேல் இருந்த பொறாமை தீர்ந்தது என்று எழுத எனக்கு ஆசைதான். தீரவில்லை. அவன் இடத்தில் நான் உட்கார்ந்திருந்தால் அரத்தைக் கீழே போட்டுவிட்டு எழுந்திருப்பேன்.